ஐபி ரேஞ்ச் கருவி எழுதியாச்சா? அடுத்தவர் கையில் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

நான் அவிநாசியில் இருந்துகொண்டு திருப்பூர், பெருமாநல்லூர், பல்லடம் பக்கம் சில பின்னலாடை யூனிட்டுகளுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஐபி ரேஞ்சுகளை (நெட்வொர்க் முகவரிகளின் தொடர் வரிசைகளை) பிரிக்க, சேர்க்க, ஒரு முகவரி ஒரு ரேஞ்சுக்குள் வருகிறதா என்று பார்க்க, சி மொழியில் சின்னதாக ஒரு கமாண்ட் லைன் கருவி எழுதி வைத்திருந்தேன். பெயர் 'வரப்பு'. நான் ஒருவன் மட்டும் பயன்படுத்தியவரை ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு ஒரு யூனிட்டில் கேமராக்களுக்கும் பின்னல் மெஷின்களுக்கும் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டி வந்தது. அவை 192.168.10 முதல் 192.168.13 வரை நான்கு சப்நெட்டில் (ஒவ்வொன்றும் 256 முகவரி கொண்ட துண்டு) இருந்தன. அங்கே இருந்த தம்பி, நான்கு சப்நெட் என்றால் /22 (முகவரியின் 32 பிட்டில் முதல் 22 மாறாத, 1024 முகவரி கொண்ட தொகுதி) என்று கணக்குப் போட்டு, கருவிக்கு 192.168.10.0/22 என்று கொடுத்தார். கருவி மறுபேச்சு இல்லாமல் அதை 192.168.8.0/22 ஆக்கிக்கொண்டு ஃபயர்வால் ரூலை எழுதிக் கொடுத்துவிட்டது. அதாவது 8 முதல் 11 வரை. 8-ஆவது சப்நெட்டில் அக்கவுண்ட்ஸ் இருந்தது. அன்று மாலை இ-வே பில் போட முடியாமல், தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி இரவு 11 மணி வரை கேட்டிலேயே நின்றது. மூட வேண்டிய 12, 13 இரண்டும் திறந்தே கிடந்தன.

/22 தொகுதி, மூன்றாவது எண் 4-இன் மடங்காக உள்ள இடத்தில்தான் தொடங்கும்: 8, 12, 16. தோட்டத்து வரப்பை வேண்டிய இடத்தில் வெட்டிப் போடலாம். சப்நெட் வரப்பு அப்படி நகராது. 10 முதல் 13 வரை வேண்டுமானால் 192.168.10.0/23, 192.168.12.0/23 என்று இரண்டாகத்தான் எழுத வேண்டும். கருவி செய்த கணக்கு சரி. ஆனால் இப்படிக் கொடுத்தால் கீழே இறக்கிக்கொள்ளும் என்று கருவியும் சொல்லவில்லை, நானும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அதைக் காட்டும் டெஸ்டும் இல்லை.

அதன் பிறகு ஆவணம், டெஸ்ட் இரண்டையும் முதலிலிருந்து செய்தேன். ஏழு வாரம் பிடித்தது. வரிசை தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். கமாண்டுகளை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவீர்கள். வாசிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்.

1. முதலில் காகிதம்

கருவியை வெளியே கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அது யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, 17-ஆவது பிரிவின்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் அந்த வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலாளிதான் முதல் உரிமையாளர். நிரலுக்கும் இது பொருந்தும். நீங்கள் ஒரு மில்லில் ஈடிபி (கணினி) பிரிவில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதியது என்றால், அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே போடாதீர்கள். என்னைப் போல வெளியிலிருந்து சர்வீஸ் செய்பவர்களும், ஒப்பந்தத்தில் இது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். கருவியின் பெயர், அது என்ன செய்யும், எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறீர்கள், நிறுவனத்தின் பெயரோ தரவோ அதில் இராது என்ற உறுதி, இந்த நான்கும் இருக்கட்டும். லெட்டர்ஹெட்டில் முதலாளி கையெழுத்து, சீல், தேதி. என்னிடம் ஸ்டாம்ப் பேப்பர் யாரும் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய கையெழுத்துக்கு 19 நாள் ஆனது. முதலாளி ஊரில் இல்லை, பிறகு ஷிப்மென்ட் நெருக்கடி. கடைசியில் ஐந்து நிமிடத்தில் வாசித்துவிட்டு, "போட்டுக்குங்க தம்பி, நம்ம கம்பெனி பேரு மட்டும் எங்கயும் வந்துறக் கூடாதுங்க" என்றார். ஆகவே கடிதத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மற்ற வேலைகள் நடக்கும்போதே அது ஒரு பக்கம் நகரட்டும்.

இரண்டாவது காகிதம் உரிமக் கோப்பு. எம்ஐடி, பிஎஸ்டி, ஜிபிஎல் எதுவானாலும், அதன் முழு வாசகத்தையும் ஒரு தனி ஃபைலாக வைத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் வெளியே போட்ட நிரலை, படிக்க முடிந்தாலும், எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் சட்டப்படி அனுமதி இல்லை.

மூன்றாவதாக ஒரு சுத்தம் செய்யும் வேலை. உங்கள் டெஸ்ட் ஃபைல்களில் வாடிக்கையாளரின் உண்மையான பப்ளிக் ஐபி, ரவுட்டர் பெயர், கேமரா பட்டியல் ஏதாவது இருக்கும். அதை இன்று அழித்தால் போதாது. கிட்டில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) பழைய கமிட்டைத் திறந்தால் அப்படியே இருக்கும். வரலாற்றைத் திருத்தும் கருவிகள் உண்டு. ஆனால் சின்ன கருவிக்கு அந்தப் பாடு வேண்டாம். சுத்தமான ஃபைல்களை மட்டும் எடுத்து, புதிய ரெபாசிட்டரி ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது.

2. நடத்தைப் பட்டியல்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு ஏழு வாரம் ஆனது. நிரலைத் திறக்காமல், ஒரு நோட்டில், கருவிக்கு யாராவது இப்படிக் கொடுத்தால் என்ன நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் நாளைக்கு மேன் பேஜில் (டெர்மினலிலேயே படிக்கும் கையேடு) ஒரு வரியாகும். அதே வாக்கியம் ஒரு டெஸ்டும் ஆகும். டெஸ்ட் இல்லாத வாக்கியத்தை மேன் பேஜில் சேர்க்காதீர்கள். மேன் பேஜில் இல்லாத நடத்தைக்கு டெஸ்ட் எழுத நேர்ந்தால், வாக்கியத்தையும் உடனே சேர்த்துவிடுங்கள். என் பட்டியலில் 41 வாக்கியங்கள் வந்தன. அவற்றில் வம்பு பிடித்தவை இவை.

தொடக்கம் அல்லாத முகவரி. 192.168.10.0/22 வந்தால் என்ன செய்வது? மறுப்பது, எச்சரித்துவிட்டு இறக்கிக்கொள்வது, சத்தமில்லாமல் இறக்கிக்கொள்வது என்று மூன்று வழி. பைத்தானின் ஐபி முகவரி மாட்யூல் இயல்பாகவே மறுக்கும். 'கண்டிப்பு வேண்டாம்' என்று நாம் தனியாகச் சொன்னால்தான் இறக்கிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸின் சிடர் டைப்பும் மறுக்கும். நானும் இப்போது மறுக்கிறேன். இறக்கிக்கொள்ள வேண்டும் என்றால் அதற்குத் தனி ஆப்ஷன்.

முன்னால் பூஜ்யம். வருகைப்பதிவு மெஷின்கள் சிலவற்றின் திரையில் முகவரி 192.168.010.005 என்று மூன்று மூன்று இலக்கமாகத் தெரியும். அதைப் பார்த்து அப்படியே தட்டுவார்கள். சி நூலகத்தின் பழைய முகவரி வாசிக்கும் ஃபங்ஷன், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். 010 என்பது 8 ஆகிவிடும். கொடுத்தது 10-ஆவது சப்நெட், போய்ச் சேர்ந்தது 8-ஆவது சப்நெட்! பைத்தான் 3.9.5-இலிருந்து முன் பூஜ்யத்தை மறுத்துவிடுகிறது. நீங்களும் மறுத்துவிடுங்கள்.

சுருக்கிய முகவரி. அதே பழைய ஃபங்ஷன் 10.1 என்பதை 10.0.0.1 என்று வாசிக்கும். லினக்ஸில் 10.1-க்குப் பிங் அனுப்பிப் பாருங்கள், புரியும். உங்கள் கருவி இதை ஏற்குமா, மறுக்குமா என்று எழுதுங்கள்.

மாஸ்க் (தொகுதியின் அளவைச் சொல்லும் எண்) வடிவம். சிலர் /22 என்பார்கள், சிலர் 255.255.252.0 என்பார்கள், ரவுட்டர் ஆக்சஸ் லிஸ்டில் ஊறியவர்கள் 0.0.3.255 என்று தலைகீழாக எழுதுவார்கள். மூன்றையும் ஏற்பதானால் 0.0.0.0 வரும்போது அது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்: ஒரு வழியில் பார்த்தால் முழு இன்டர்நெட், இன்னொரு வழியில் ஒரே ஒரு முகவரி. நான் தலைகீழ் வடிவத்தை ஏற்பதில்லை என்று எழுதிவிட்டேன்.

எண்ணிக்கை. /24-க்கு 256 என்று சொல்வதா, 254 என்று சொல்வதா? இரண்டையும் கேட்பவர்கள் உண்டு. எதைச் சொல்கிறீர்கள் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். 'பயன்படுத்தக்கூடியவை' என்று முதல், கடைசி முகவரிகள் இரண்டையும் கழித்தால் /31-க்குப் பூஜ்யம் வரும். ஆனால் ஆர்எஃப்சி 3021 (ஆர்எஃப்சி என்பது எண்ணிட்ட இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) இரண்டு முனை இணைப்புகளில் /31-இன் இரண்டு முகவரிகளையும் பயன்படுத்த அனுமதிக்கிறது. /32-க்கு 1-இல் 2 போனால் மைனஸ் 1. குறியில்லா எண்ணில் அது 4294967295. ஒற்றை முகவரிக்கு நானூறு கோடிக்கு மேல் கணக்குச் சொல்லும் கருவியாகிவிடும்.

தனியார் முகவரி. 'இது உள் நெட்வொர்க் முகவரியா' என்று பார்க்கும் வசதி இருந்தால், ஆர்எஃப்சி 1918-இன் மூன்று தொகுதிகளை மட்டும் எடுக்கிறீர்களா என்று சொல்லுங்கள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. 172-இல் தொடங்கும் எல்லாமே தனியார் என்று நினைப்பவர்கள் அதிகம், 172.31.255.255-உடன் அது முடிந்துவிடுகிறது. இன்டர்நெட் சேவை நிறுவனங்கள் வீட்டு ரவுட்டருக்குப் பகிர்ந்து கொடுக்கும் 100.64.0.0/10 இந்த மூன்றில் வராது. அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

எக்ஸிட் கோட், அதாவது கருவி முடியும்போது திருப்பித் தரும் எண். இது ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு உயிர்நாடி. கிரெப் கமாண்டின் வழக்கத்தையே பின்பற்றுங்கள்: பொருந்தியது இருந்தால் 0, இல்லாவிட்டால் 1, பிழை என்றால் 2. 'இல்லை' என்ற விடைக்கும் 'எனக்குப் புரியவில்லை' என்ற விடைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால், அந்த ஸ்கிரிப்டை நம்பி ஒரு ஃபயர்வாலும் ஓட்ட முடியாது. இன்னொன்று, பிழைச் செய்தி ஸ்டாண்டர்ட் எரருக்குப் போக வேண்டும். என் பழைய கருவி அதை விடையோடு கலந்து அனுப்பியதில், ஒரு ரூல் ஃபைலுக்கு நடுவில் பிழை வாக்கியம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி முறை) உங்கள் கருவிக்குத் தெரியாது என்றால் அதை மேன் பேஜின் இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுங்கள். தெரியும் என்றால், ஒரே முகவரியைப் பல விதமாக எழுதலாம் என்பதால், விடையை ஆர்எஃப்சி 5952 சொல்லும் ஒற்றை வடிவத்தில் கொடுங்கள்.

3. உதாரணத்துக்கு ஒதுக்கிய முகவரிகள்

ஆவணத்தில் காட்டுவதற்கென்றே மூன்று தொகுதிகளை ஆர்எஃப்சி 5737 ஒதுக்கி வைத்திருக்கிறது: 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24. ஐபிவி6-க்கு ஆர்எஃப்சி 3849 ஒரு /32 கொடுத்திருக்கிறது. பப்ளிக் முகவரி வேண்டிய உதாரணம் எல்லாவற்றுக்கும் இவற்றையே வையுங்கள். கையில் வந்த எண்ணைப் போட்டால் அது யாரோ ஒருவருடைய சர்வராக இருக்கும். உங்கள் உதாரணத்தை அப்படியே ஒட்டி ஓட்டுபவர் அந்த சர்வரைத் தன் ஃபயர்வாலில் அடைத்துவிடுவார்.

4. மேன் பேஜ்

ரீட்மி ஃபைல் அறிமுகத்துக்கு. நிறுவுவது எப்படி, மூன்று உதாரணம், உரிமம் என்று ஒரு திரைக்குள் அடங்கினால் போதும். இரவு இரண்டு மணிக்கு சர்வர் முன் உட்கார்ந்திருப்பவருக்கு பிரவுசர் இராது. அவருக்கு மேன் பேஜ்தான் துணை.

தலைப்புகள் வழக்கமானவை: பெயர், பயன்பாட்டு வடிவம், விளக்கம், ஆப்ஷன்கள், எக்ஸிட் நிலை, உதாரணங்கள், தொடர்புடையவை. இதில் ஆட்கள் முதலில் தேடுவது உதாரணங்களைத்தான். குறைந்தது ஒரு உதாரணம் தோல்வியைக் காட்டட்டும். நான் வைத்திருப்பது இது:

வரப்பு சேர் 192.168.11.0/24 192.168.12.0/24

இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் சேர்ந்து ஒரு /23 ஆகும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். ஆகாது. /23 இரட்டைப்படை எண்ணில்தான் தொடங்கும். 10-உம் 11-உம் சேரும், 12-உம் 13-உம் சேரும், 11-உம் 12-உம் சேராது. விடையாக அதே இரண்டு வரிகள் திரும்ப வரும். இந்த ஒரு உதாரணத்தைப் பார்த்தவர்கள் பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

ரேஞ்சைத் துண்டாக்கும் உதாரணமும் ஒன்று வையுங்கள். 192.0.2.10 முதல் 192.0.2.20 வரை கொடுத்தால் நான்கு துண்டு வரும்: 192.0.2.10/31, 192.0.2.12/30, 192.0.2.16/30, 192.0.2.20/32. கையால் சரிபார்த்துக்கொள்ளலாம்: 2, 4, 4, 1, மொத்தம் 11 முகவரி.

மேன் பேஜின் எழுத்து வடிவம் பழையது. கைக்கு வராவிட்டால் மார்க்டவுனில் எழுதி பேண்டாக் வழியாக மாற்றலாம். கையால் எழுதினால் ஆப்ஷனுக்கு முன்னால் வரும் கோட்டை, பின்சாய்வுக் கோடு சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகளில் அது வேறொரு ஹைஃபனாக மாறித் தெரியும். அங்கிருந்து காப்பி செய்து ஒட்டியவருக்குக் கமாண்ட் ஓடாது, பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மேன்டாக் கருவியின் லின்ட் வசதியை ஒருமுறை ஓட்டிவிட்டால் மற்ற எழுத்துப்பிழைகளை அது காட்டிவிடும்.

5. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று

டெஸ்டுக்குப் பேட்ஸ் என்ற ஷெல் டெஸ்ட் கருவியை எடுத்துக்கொண்டேன். டெர்மினலில் தட்டியதையும் வந்த விடையையும் அப்படியே ஒட்டினால் அதையே டெஸ்டாக ஓட்டும் கருவிகளும் உண்டு. மேன் பேஜ் உதாரணங்களுக்கு அவை நல்ல பொருத்தம். எதுவானாலும் சரி, ஒவ்வொரு டெஸ்டிலும் மூன்றைப் பாருங்கள்: வந்த விடை, வந்த பிழைச் செய்தி, எக்ஸிட் கோட். விடையை மட்டும் பார்த்து விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்வது.

ரேஞ்ச் டெஸ்டில் நடுவில் உள்ள முகவரியை எடுத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. தப்பு எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். 192.168.8.0/22 என்றால் நான்கு முகவரி: 192.168.7.255 வெளியே, 192.168.8.0 உள்ளே, 192.168.11.255 உள்ளே, 192.168.12.0 வெளியே. ஐபிவி4-இல் /0 முதல் /32 வரை 33 அளவுகள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் எழுதிவிடலாம். /0-க்கு வெளிப்பக்கம் இல்லை, /1-க்கு ஒரு பக்கம்தான் வெளியே, /32-க்கு முதலும் கடைசியும் ஒன்றே என்பதால் மொத்தம் 128 வரி. ஒரு மாலை வேலை; ஓட ஓரிரு நொடி.

அந்த 128 வரியில் எனக்கு மூன்று பழைய தப்பு கிடைத்தது. மூன்றையும் சொல்கிறேன், சி-யில் எழுதியவர்கள் எல்லாரும் தங்கள் நிரலைத் திறந்து பாருங்கள்.

முதலாவது /0. மாஸ்க் செய்ய, எல்லா பிட்டும் 1 ஆக உள்ள 32 பிட் எண்ணை, 32-இலிருந்து பிரிஃபிக்ஸை (/22 என்றால் 22) கழித்து அத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்துவோம். /0-க்கு 32 இடம். 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்துவது சி மொழியில் வரையறை இல்லாத செயல். இன்டெல் வகை சிப்பின் நகர்த்தும் கட்டளை அந்த எண்ணிக்கையில் கடைசி 5 பிட்டை மட்டும் பார்க்கும், 32 என்பது 0 ஆகிவிடும். என் லேப்டாப்பில் 0.0.0.0/0 என்ற 'எல்லாம்', 0.0.0.0/32 என்ற ஒற்றை முகவரியாக நடந்துகொண்டது. /0-ஐத் தனியாகக் கவனியுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இத்தகைய செயலை ஓடும்போதே பிடிக்கும் சானிட்டைசர் இருக்கிறது. அதைப் போட்டுக் கம்பைல் செய்து எல்லா டெஸ்டையும் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இரண்டாவது 128.0.0.0. முகவரியைக் குறியுள்ள எண்ணில் வைத்துவிட்டால் 127.255.255.255 வரை கூட்டல் எண், அதற்கு மேல் கழித்தல் எண். வரிசைப்படுத்தினால் 192.168 எல்லாம் 10.0-க்கு முன்னால் வந்து நிற்கும். நான் ஒரே ஒரு இடத்தில் அப்படி வைத்திருந்தேன்.

மூன்றாவது 255.255.255.255. ஒரு ரேஞ்சில் உள்ள முகவரிகளை வரிசையாக அச்சிடும் லூப், 'கடைசி முகவரிக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும்வரை' என்று எழுதியிருந்தால், கடைசி முகவரி இதுவாக இருக்கும்போது ஒன்று கூட்டியதும் பூஜ்யமாகிவிடும். லூப் நிற்கவே நிற்காது. இதற்கு டெஸ்ட் எழுதும்போது நேர வரம்பு வைத்து எழுதுங்கள். நான் வைக்காமல் ஓட்டிவிட்டு, சாப்பிட்டு வந்து பார்த்தபோது டிஸ்க் நிறைந்திருந்தது.

6. இரண்டாவது சாட்சி

எதிர்பார்க்கும் விடையை நீங்களே எழுதினால், உங்கள் தப்பான புரிதல் நிரலிலும் இருக்கும், டெஸ்டிலும் இருக்கும்; இரண்டும் ஒத்துப்போகும். அதனால் வேறொருவர் எழுதிய கணக்கோடு ஒப்பிடுங்கள். பைத்தான் 3.3-இலிருந்து அதனோடு வரும் ஐபி முகவரி மாட்யூலில் ரேஞ்சைத் துண்டாக்கவும், துண்டுகளைச் சேர்க்கவும் ஃபங்ஷன்கள் உண்டு. தற்செயலாக ஆயிரம் ரேஞ்சுகளை உருவாக்கி, உங்கள் கருவி கொடுப்பதையும் அது கொடுப்பதையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் மட்டும் அச்சிடச் செய்யுங்கள். எனக்கு முப்பது வரி ஸ்கிரிப்ட் போதுமாக இருந்தது. தற்செயல் எண்ணின் விதையை விடையோடு சேர்த்து அச்சிட மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் வந்த தப்பை மறுபடி வரவழைக்க முடியாது.

சாட்சியே இல்லாமலும் ஒன்று செய்யலாம். ஒரு தொகுதியைப் பிரித்து, பிரித்ததை மறுபடி சேர்த்தால் அதே தொகுதி வர வேண்டும். துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் முழுத்தொகை வர வேண்டும்.

7. எக்செல், வேர்ட், வாட்ஸ்அப்

நாம் டெஸ்டுக்குச் சுத்தமான ஃபைலை எழுதுவோம். யூனிட்டில் பட்டியல் வரும் வழி வேறு. எக்செல்லில் வைத்திருந்து சேமித்து அனுப்புவார்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸின் கூடுதல் எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். சில நேரம் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட். அதனால் முதல் வரி மட்டும் பிழை என்று சொல்லும், யாருக்கும் ஏன் என்று தெரியாது.

இதைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமானது வேர்டில் தட்டிய ரேஞ்ச். இரண்டு முகவரிக்கு நடுவில் இடம் விட்டுப் போட்ட சின்னக் கோட்டை அது தானாகவே நீளக் கோடாக்கிவிடும். அது வாட்ஸ்அப்பில் வந்து, டெர்மினலில் ஒட்டப்பட்டு, 'தவறான ரேஞ்ச்' என்று வரும். ஒரு யூனிட்டில் இருந்து ஒரு மணி நேரம் ஃபோனில் பேசியும் பிடிபடவில்லை; ஃபைலைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. இப்போது கருவி அந்த நீளக் கோட்டை அடையாளம் கண்டு, எந்த வரி, எந்த எழுத்து என்று சொல்லும்.

இந்த மாதிரி ஃபைல்களைக் கையால் உருவாக்க முயலாதீர்கள். வந்ததை வாங்கி, முகவரிகளை மட்டும் மூன்றாம் படியில் சொன்ன தொகுதிகளுக்கு மாற்றி, மற்ற பைட்டுகளைத் தொடாமல் டெஸ்ட் ஃபோல்டரில் போடுங்கள். எடிட்டரில் திறந்து சேமித்தால் அது 'திருத்தி' வைத்துவிடும். கிட்டும் வரி முடிவை மாற்றக்கூடும். அந்த ஃபோல்டருக்கு மாற்றாதே என்று அமைப்பு ஃபைலில் எழுதிவிடுங்கள்.

8. ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள்

மேன் பேஜ் முடிந்ததும், ஒரு யூனிட்டின் ஈடிபி அறையில் புதிதாகச் சேர்ந்த, டிப்ளமோ முடித்த பெண்ணிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். மூன்று வேலை சொன்னேன், மேன் பேஜ் மட்டும்தான் துணை, நான் பேச மாட்டேன் என்றேன். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

முதல் வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதில் வேண்டுமென்றே அந்த 192.168.10.0/22 வைத்திருந்தேன். கருவி மறுத்தது: 'ஹோஸ்ட் பிட் உள்ளது.' அவர் அதையே மூன்று முறை தட்டினார். மேன் பேஜில் மேலும் கீழும் போய் வந்தார். பிறகு திரும்பி, "ஏனுங்ண்ணா, ஹோஸ்ட் பிட்டுன்னா என்னன்னு இதுல எங்கயுமே சொல்லலீங்களே? நான் குடுத்ததுல எது தப்புன்னுங்கூடச் சொல்ல மாட்டேங்குதுங்க" என்றார்.

அன்றே செய்தியை மாற்றினேன். இப்போது இப்படி வருகிறது: 'வரி 2: 192.168.10.0 என்பது /22-இன் தொடக்கம் அல்ல. இது சேரும் தொகுதி 192.168.8.0/22 (192.168.8.0 முதல் 192.168.11.255 வரை). 192.168.10.0 முதல் 192.168.13.255 வரை வேண்டுமானால் 192.168.10.0/23, 192.168.12.0/23.' செய்தி நீளம்தான். ஆனால் அடுத்து என்ன தட்டுவது என்பது அதிலேயே இருக்கிறது. இந்த வாக்கியத்துக்கும் டெஸ்ட் இருக்கிறது.

இரண்டு பேரை வைத்துப் பார்த்தால் போதும். கூடவே வேலை செய்யும் நண்பரை வைக்காதீர்கள், அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

9. செலவும் நாளும்

பணச் செலவு குறைவு. ரெபாசிட்டரிக்குச் செலவில்லை, பொது ரெபாசிட்டரி என்றால் கிட்ஹப்பில் டெஸ்டைத் தானாக ஓட்டவும் கட்டணம் இல்லை. பேட்ஸ், மேன்டாக், பேண்டாக், பைத்தான் எல்லாமே இலவசம். கடிதத்துக்குப் பிரிண்ட் அவுட்டும் பெட்ரோலும்தான் என் கைக்காசு. வேறு வகை சிப்பில் ஓட்டிப் பார்க்கப் பழைய போர்டு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

நாள் கணக்கு, தினமும் மாலை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்: நடத்தைப் பட்டியலுக்கு நான்கு நாள், ஓரத்து டெஸ்டுகளுக்கு இரண்டு நாள், மற்ற டெஸ்டுகளும் அதில் வரும் திருத்தங்களும் ஒரு வாரம், மேன் பேஜ் மூன்று நாள், ஆளை உட்கார வைத்துப் பார்ப்பதும் திருத்துவதும் மூன்று நாள். பட்டியலுக்கு நான்கு நாள் அதிகம் என்று தோன்றும். நான் முதலில் அதைச் செய்யாமல் நேராக மேன் பேஜ் எழுதினேன். பாதி எழுதியபோது கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. எழுதியதை எல்லாம் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினேன். மூன்று வாரம் அங்கே போனது.

பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். சத்தமில்லாமல் இறக்கிக்கொண்டிருந்த கருவி இனி மறுக்கும் என்றால், அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் நின்றுவிடும். இது சின்னத் திருத்தம் ஆகாது. முதல் எண்ணை மாற்றுங்கள், மாற்றப் பட்டியலில் முதல் வரியாக எழுதுங்கள். நான் 1.4-இல் எச்சரிக்கை மட்டும் கொடுத்து, இரண்டு மாதம் விட்டு, 2.0-இல் மறுக்க வைத்தேன்.

10. யூனிட்டில் இறக்கும் நாள்

சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். வாரச் சம்பளம் போடும் யூனிட்டுகளில் அன்று வருகைப்பதிவும் அக்கவுண்ட்ஸும் ஒரு நிமிடம் நின்றாலும் தகராறு. ஷிப்மென்ட் கிளம்பும் நாளும் வேண்டாம். டிஸ்பாட்ச்சில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறு காலை நல்லது. பெரிய மாற்றம் என்றால் பொங்கல் விடுமுறையில் ஆட்கள் ஊருக்குப் போயிருக்கும் நாட்கள் இன்னும் நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று வைத்துக்கொண்டால், கரண்ட் வரும்போது எது உங்கள் மாற்றத்தால் நின்றது, எது மின்சாரத்தால் நின்றது என்று பிரிக்க முடியாது.

பழைய கருவி உருவாக்கிய ரூல் ஃபைலையும் புதியது உருவாக்கியதையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் வரும் ஒவ்வொரு வரிக்கும் நடத்தைப் பட்டியலில் காரணம் இருக்க வேண்டும். இல்லாத வரி ஒன்று இருந்தாலும் அன்று இறக்காதீர்கள். இறக்கிய பிறகு அக்கவுண்ட்ஸ் கணினியில் இருந்து ஒரு வெளித்தளம், ஒரு கேமராவில் இருந்து ஒரு வெளித்தளம் என்று இரண்டு பக்கமும் பாருங்கள்: ஒன்று திறக்க வேண்டும், மற்றது திறக்கக் கூடாது. பழைய ரூல் ஃபைல் பென்டிரைவில் ஒன்று, ஃபயர்வாலிலேயே ஒன்று என்று இரண்டு பிரதி இருக்கட்டும். திரும்பப் போடும் கமாண்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் ஏறும்வரை ஃபோனைச் சைலண்டில் போடாமல் வைத்திருங்கள்.